கொட்டாவிப் பறவை

‘இந்தக் கணினியில் இது இயங்காது’ என்றது திரை,
மரியாதையாக, ஒரே ஒரு பொத்தானைக் கொடுத்து.
‘சரி’ என்பதைத் தவிர வேறு பதில் அதில் இல்லை.

குறுந்தகடு இருக்கிறது. அதைப் போட
மடிக்கணினிக்கு வாய் இல்லை.
டவுன்ஹால் ரோட்டில் ஆயிரத்து நூறு கொடுத்து
வெளியே தொங்கும் வாய் ஒன்று வாங்கி வந்தேன்.
பிறகு, நீ இது இல்லை, அந்தப் பழைய மெஷின் என்று
அதையே நம்பவைக்க வேண்டும்.
அந்தப் பொய்யைப் பழக்க இரண்டு ராத்திரி ஆனது.

வந்துவிட்டது கலங்கரை விளக்கத் தீவு,
அகலத் திரையின் நடுவே அஞ்சல்தலை அளவில்.
வந்ததும் ஓடியது.
ஓர் அலை கரையேறுமுன் பத்து அலை முட்டின.
படகுக்காரன் கையசைத்தானா, ஈ ஓட்டினானா, தெரியவில்லை.
தவணை கட்டி வாங்கிய வேகத்தை
கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி இறக்கினேன்,
நூற்றில் மூன்று பங்கு வரை.

அப்போதுதான் கேட்டது
கடல்.

அந்தக் கடலுக்கு ஓசை உண்டென்று
எனக்குத் தெரியாது.

மேல ஆவணி மூல வீதி, இரண்டாம் மாடி,
கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடை.
இரண்டாயிரமாம் வருஷம். முதலாளி தெய்வநாயகம்
கம்ப்யூட்டர் வந்த அன்றே மூடியைக் கழற்றி
சவுண்டு கார்டைப் பிடுங்கி டிராயரில் போட்டுப் பூட்டினார்.
‘பாட்டுக் கேக்கவா சம்பளம்?’
ஆக, ஊமைத் தீவில்தான் இறங்கினோம்
நானும் பரிமளமும்,
ஆவணி முகூர்த்தங்களில், பட்டர் பேப்பர் ஊர்ந்து வரும் நேரங்களில்,
மாட்டுத்தாவணியில் அவளுடைய கடைசி மேலூர் வண்டி வரை.

விளக்கின் அடியில் ஒரு கதவு.
கதவில் ஐந்து மணிகள். ஏழு தடவை அடிக்க வேண்டும்.
வரிசை எங்கும் எழுதியிருக்கவில்லை.
எண்ணெய்ப் பீப்பாயைக் கவிழ்த்தோம்.
செத்த மீனை எல்லாவற்றின் மேலும் தேய்த்துப் பார்த்தோம்.
கடைசியில் ஒன்றொன்றாக அடிக்கத் தொடங்கினோம்.
அடித்ததையெல்லாம் அவள்
வீணாய்ப்போன பத்திரிகைகளின் முதுகில் குறித்தாள்.
முன்பக்கம் ஒற்று விட்டுப்போன திருநிறைச்செல்வி,
பட்டியலில் கீழிறங்கிக் கோபித்துக்கொண்ட தாய்மாமன்,
தேதி ஒன்றும் கிழமை ஒன்றுமான முகூர்த்தம்.
பின்பக்கம் திறக்காத கதவு,
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு முறை.
எழுபத்தெட்டாயிரம் வரை போகும் என்று
நான் கணக்குப் போட்டுச் சொன்னதற்கு
ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இரண்டாவது அறையில் ஒரு கூண்டு, பச்சைப் பறவை.
சொடுக்கினால் வாயைத் திறக்கும், மூடும். திறக்கும், மூடும்.
‘பாவம், நம்மளப் பாத்துக் கொட்டாவி விடுது’ என்பாள்.
மினுக்கினாலும் குலுக்கினாலும் அதற்கு அவ்வளவுதான் தெரியும்
என்று விட்டுவிட்டோம்.

நேற்றிரவு, டி.வி.எஸ். நகரில்,
கீழ்வீட்டு மோட்டார் நின்றபிறகு
அந்தப் பறவையைச் சொடுக்கினேன்.
பாடியது.
எண்ணினேன். ஏழு.

மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை கதவு திறக்க.
உள்ளே படிக்கட்டு இருந்தது. ஏறவில்லை.
கையைச் சுட்டியிலிருந்து எடுத்துவிட்டு
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
யாரைத் திட்டுவது? தெய்வநாயகத்தையா?
டிராயர் சாவியை அவர் எங்கள் கண்முன்தான்
ஆணியில் மாட்டிவைப்பார்.

காலையில் மேலூருக்குப் போன் போட்டேன்.
அவளுக்கு இப்போது சொந்தமாய் ஜெராக்ஸ் கடை.
‘எந்தக் கதவு?’
சொன்னேன்.
‘கொட்டாவி விடுமே, அதா?’
‘அது கொட்டாவி இல்ல பரிமளம்.’
அந்தப் பக்கம் மெஷின் யாருடைய ஆதாரையோ
தள்ளிக்கொண்டே இருந்தது.
‘இரு’ என்றாள். மெஷின் நின்றது.
‘அண்ணே, ரெண்டு நிமிசம்’ என்று யாரிடமோ சொன்னாள்.

அதற்குள் நான் பழைய இடத்துக்குத் திரும்பி
திறந்த கதவை மூடியிருந்தேன்.
போனை மடிக்கணினியின் ஓரமாகச் சாய்த்துவைத்தேன்.
பறவை பாடி முடித்தது.

‘மூணாவது மணி.’
அடித்தேன்.
‘அப்புறம் ஒண்ணு. திரும்ப மூணு.
இல்ல, இல்ல, அடிச்சிராத,
இன்னொரு தடவை பாடச் சொல்லு.’